மயில்வாகனத்துக்கு எச்சம் புதுசா?

கட்டிப் போட்ட படகுல பறவை எச்சம் போடுதுன்னு மரக்காணத்துலேருந்து பஸ்ஸு ஏறி மயிலத்துக்கு யோசனை கேக்க வந்தவன் நீ ஒருத்தனாத்தான் இருப்ப தம்பி. அங்க கடலைப் பாத்தே பொறந்து வளந்தவங்க குப்பத்துக்குக் குப்பம் இருக்காங்க. அவங்கள வுட்டுட்டு ஏரியில எருமை கழுவுனவன்கிட்ட வந்து நிக்கிற. காரணம் எனக்குத் தெரியும். அவங்ககிட்ட கேட்டா சிரிப்பாங்க. நானுந்தான் சிரிப்பேன், ஆனா மயிலத்துல சிரிச்சா குப்பத்துக்குக் கேக்காது. குந்து.

மொதல்ல ஒண்ணு சொல்லு. படகுக்கு என்னா பேரு வெச்ச? 'மயில்வாகனம்'. மல்லாட்டை மண்டியில சேத்த காசைக் கூட்டாளி பேச்சைக் கேட்டு பைபர் போட்டுல போட்டும் ஊர்ப் பாசம் போவல, நம்ம மலையில இருக்கறவன் பேரா பாத்து வெச்ச. சந்தோசம். ஆனா வாகனமே பறவைன்னு அணியத்துல கொட்டை எழுத்துல எழுதி வெச்சிட்டு, பறவை வந்து ஏறுதேன்னு அழுதா நாயம் எங்கடா இருக்குது? காக்கா குந்தப் பனம்பழம் வுழுந்த கதை கேட்டிருக்க. ஒன் படகுல காக்கா குந்த வேற ஒண்ணு வுழுந்திருக்குது, அவ்ளோதான்.

நீ பண்ணுன வைத்தியமெல்லாம் காதுக்கு வந்துது. பழைய சினிமா சிடியைக் கயித்துல கோத்துத் தொங்கவுட்டியாம். மொத நாளு காக்கா ஒதுங்குச்சி. ரெண்டாம் நாளு தூரமா நின்னு பாத்துச்சி. மூணாம் நாளு அந்தச் சிடியிலியே மூஞ்சி பாத்துக்கினு மூக்கைத் தீட்டுச்சாம். அப்பறம் பிளாஸ்டிக் ஆந்தை ஒண்ணு வாங்கியாந்து இன்ஜின் மேல ஒட்டுன. இப்ப நீர்க்காக்கா குந்துறதுக்கு அந்த ஆந்தை மண்டைதான் வசதியா இருக்குதுன்னு சொல்றாங்க. நாயைக் கட்டி வெச்சது யாரு யோசனை? ஒங்கூட்டாளியா? நாயி காக்காவை வெரட்டுச்சோ என்னமோ, நாயி போனதை யாரு கழுவுனாங்கன்னு நான் கேக்கல.

இன்னும் நீ பாக்காத வைத்தியம் நெறைய இருக்குது. திண்டிவனத்துல செவத்துக்குச் செவுரு 'இங்கே அசுத்தம் செய்யாதீர்'னு எழுதிப் பாத்தாங்க. கேக்கலன்னதும் வரிசையா சாமி படம் ஒட்டுனாங்க. மனுசன் கொஞ்சம் கூச்சப்பட்டு அடுத்த செவுத்துக்குப் போனான். நீயும் படகைச் சுத்தி முருகன், மாதா, நாவூராரு எல்லாரு படத்தையும் ஒட்டு. ஆனா பறவைக்குப் படிப்பும் கெடையாது, பக்தியும் கெடையாது. கோவுரத்து பொம்மை தலையிலியே கூசாம போவுது. ஊருக்கு ஊரு தலைவருங்க செலைக்குக் கூண்டு போட்டு வெச்சிருக்குதே, பாத்திருப்ப. அது மனுசனுக்குப் பயந்து போட்டது. காக்கா அந்தக் கூண்டு மேலியே ஏறிக் குந்திக்கினு நெதானமா குறி பாக்குது. கச்சிப் பேதமே பாக்காத சீவன் நம்ம நாட்டுல அது ஒண்ணுதான்.

இல்லன்னா படகு பூரா வெள்ளைப் பெயிண்டு அடிச்சிடு. எச்சம் தெரியவே தெரியாது. ஏன் முறைக்கிற? வந்தவங்க எத்தினி பேரு இதைவிட மோசமான யோசனைக்குக் காசு குடுத்துட்டுப் போயிருக்காங்க தெரியுமா.

கல்லெடுத்து அடிக்கிறேன்னு மட்டும் சொல்லாத. அமாவாசைக்கு வாசல்ல நின்னு கா கான்னு தொண்டை கிழியக் கூப்புட்டு, எலையில வடை பாயசத்தோட சோறு வெக்கிற. தாத்தா வந்துட்டாரு, பெரியப்பா வந்துட்டாருன்னு கன்னத்துல போட்டுக்கிற. அதே தாத்தா மறுநாளு பேரன் லட்சக்கணக்குல போட்டு வாங்குன படகைப் பாக்க ஆசையா வந்தா கல்லைத் தேடுற. அவரு மனசு என்னா பாடுபடும்? அதோட காக்கா மூஞ்சியை மறக்காதுடா. அமெரிக்காவுல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ஒரு மொகமூடியை மாட்டிக்கினு காக்கா புடிச்சாங்களாம். வருசக் கணக்கா அந்த மொகமூடி எங்க தெரிஞ்சாலும் கூட்டங்கூடித் திட்டித் தீத்துச்சாம், புடிபடாத காக்காவும் சேந்துக்கினு. வாத்தியாரம்மாவா இருக்குற என் பேத்தி படிச்சிக் காட்டுனா. அங்க மொகமூடியைக் கழட்டி வெச்சிட்டு வூட்டுக்குப் போயிடுவாங்க. ஒன் மூஞ்சியைக் கழட்டி எங்க வெப்ப?

சட்டமும் இருக்குது. 1972-ல போட்ட வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துல காக்காவை எலி, பெருச்சாளி, வவ்வாலோட சேத்து, தொல்லைப் பிராணின்னு ஒரு பட்டியல்ல வெச்சிருந்தாங்க. 2022-ல சட்டத்தைத் திருத்துனப்ப அந்தப் பட்டியலையே எடுத்துட்டாங்க. காக்காவுக்கு உத்தியோக ஒசர்வு கெடைச்சிருக்குது. நமக்குத்தான் ஒண்ணும் ஒசரல. நம்மூரு மயிலைப் பாரு. 1963-லேருந்து தேசியப் பறவை. வெதைச்ச மல்லாட்டையைக் கெளறித் தின்னுட்டு, மாடியில காயிற வடாம் மேல நடந்து, கையெழுத்தும் போட்டுட்டுப் போவுது. நான் எழுந்து கும்பிடுறேன். வேற என்னா செய்ய?

அதுலியும் நீ படகு கட்டியிருக்கற எடம் எப்பிடிப்பட்ட எடம்? எடையன்திட்டுக் கழிமொகம். மேக்கால திரும்பினா கழுவெளி. தெக்கத்தி நாட்டுல பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி. 2021 டிசம்பர் மாசம் அரசாங்கம் அதைப் பறவைகள் சரணாலயம்னு அறிவிச்சிச்சி, வானூர் தாலுக்கா, மரக்காணம் தாலுக்கா ரெண்டுலியும் சேத்து 5,151 எக்டேருக்கு மேல. தமிழ்நாட்டுல பதினாறாவது. சர்க்காரே மொறையா பட்டா போட்டுக் குடுத்த எடத்துக்குப் பக்கத்துல போயி நங்கூரத்தைப் போட்டுட்டு, பறவை வருதுங்கற. பறவைங்க கூடிப் பேசுனா ஒன்னைப் பத்தித்தான் புகார் எழுதும்.

காலத்தையும் பாரு. ஐப்பசி கார்த்திகையில புயல் கூண்டு ஏத்துறாங்க, நீ படகைக் கட்டிப் போட்டுட்டு வூட்ல படுத்துக்கிற. அதே மாசந்தான் வடக்கத்திப் பறவை வந்து எறங்குது. பழுப்புத் தலைக் கடக்காக்கா இருக்குதே, அது லடாக்கு, திபெத்து பக்கத்து ஏரியில குஞ்சு பொரிச்சிட்டு, அம்மாந் தூரம் பறந்து வருது. எறங்குனா எதுத்தாப்புல ஆளில்லாத பைபர் போட்டு. அதுக்கு வேற என்னா தோணும்? 2024 நவம்பர் கடைசியில பெஞ்சல் புயல் அடிச்சப்ப நம்ம மயிலத்துல ஒரே நாளுல அம்பது சென்டிமீட்டர் மழை. அந்த மாதிரி ஒரு மழை பேஞ்சா ஒன் படகு பளிங்கா ஆயிடும், மழை நின்னதும் அது எங்க கெடக்குதுன்னு தேடுறதுதான் வேலை.

பூநாரை வருது, அழகா நிக்குது, சனம் காரு எடுத்துக்கினு வந்து போட்டோ புடிக்குது. அது ஒரு நாளும் ஒன் படகுல குந்தாது. ஒனக்கு வாச்சது காக்காவும் நீர்க்காக்காவும் கடக்காக்காவும் ஆலாவுந்தான். ஏன்னு யோசிச்சியா?

நீர்க்காக்காவை எடுத்துக்க. வாத்து றெக்கையில தண்ணி ஒட்டாது. நீர்க்காக்காவுக்கு வெளி றெக்கை நனையும். நனைஞ்சாத்தான் ஒடம்பு மெதக்காம முழுகி மீனைத் தொரத்த முடியும். முழுகி எழுந்தப்பறம் றெக்கையை விரிச்சிக் காயவெக்கணும். அதுக்குத் தண்ணி ஓரமா, நாலு பக்கமும் தெரியற மாதிரி, ஒசரமா, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மேடை வேணும். நீ அதைத்தான் செஞ்சி, கயிறு கட்டி, அலையில போயிடாம பத்திரமா நிறுத்தி வெச்சிருக்க. காக்கா கதை வேற. அது காய வரல, திங்க வருது. வலையை ஒதறுறப்ப பொடிமீன் உள்ள கெடக்கும். எடுக்க மாட்ட. பலகைச் சந்துல செதிலு, செவுளு, நண்டுக் காலு. அதையும் வுட்டுட்டுக் கரையேறி ஏலத்துக்கு ஓடுவ. எலையைப் போட்டு, பரிமாறி, பந்தியை வுட்டு நீ எழுந்து போயிட்ட. அப்பறம் வந்தவங்களைப் பாத்து யாரு ஒங்களைக் கூப்புட்டதுங்கற.

ஆகவே மொத வைத்தியம் வெளக்குமாறும் வாளியும். கரைக்கு வந்ததும், ஏலத்துக்கு முன்னாடியே, கவுச்சி போவ கழுவு. கடத் தண்ணியே போதும். சந்துல பல் தேய்க்கிற மாதிரி தேய். இதை ஒரு மாசம் செஞ்சியானா காக்காவுல பாதி வராது. மீதிப் பாதி பழக்க தோசத்துல வந்து பாத்துட்டு, கஞ்சப் பயல்னு திட்டிட்டுப் போவும். நீ இதைச் செய்ய மாட்டன்னு தெரியும். ஆந்தை வாங்குறது சுளுவு, குனியறது கஷ்டம். இருந்தாலும் சொல்லி வெக்கிறேன்.

ரெண்டாவது, குந்துற எடம். படகோட வெளிம்புக்கு மேல ஒரு சாணு ஒசரத்துல தங்கூசி நரம்பை இழுத்துக் கட்டு. அணியத்துலேருந்து அமரம் வரைக்கும், ரெண்டு பக்கமும், நடுவுல குறுக்கு மறுக்கா நாலு ஓட்டம். எறங்குற பறவைக்குக் கண்ணுல தெரியாத நரம்பு காலுலியும் றெக்கையிலியும் படும். அதுக்கு அது புடிக்காது. கடக்காக்கா, ஆலா இதுங்களுக்கு இது நல்லாவே கேக்கும். காக்கா மட்டும் நடந்து வந்து நரம்புக்குக் கீழ நொழைஞ்சி பாக்கும், அதுக்குத்தான் வெளக்குமாறை மொதல்ல சொன்னேன். இன்ஜினுக்கு மேல தார்ப்பாயைக் கூரை மாதிரி சரிவா கட்டு. தட்டையா போட்டா அதுவே பறவைக்குப் பாயாயிடும். பழைய வலை போத்துறியா, போத்து. தொளதொளன்னு தொங்கவுடாத. காலு மாட்டிக்கினு ஒரு கொக்கு தொங்குச்சின்னா வனத்துறைக்காரங்க வந்து ஒன் பேரு கேப்பாங்க. 'மயில்வாகனம்'னு சொன்னா சிரிச்சிட்டு வுட மாட்டாங்க.

மூணாவதுதான் எனக்குப் புடிச்சது. படகுக்குப் பத்துப் பதினஞ்சி அடி தள்ளி, படகைவிட ஒசரமா ரெண்டு சவுக்குக் கழியை நட்டு, மேல குறுக்குக் கட்டை ஒண்ணு கட்டு. நீர்க்காக்காவுக்கு ஒசரந்தான் மேல். ஒன் படகு ஆடும், கழி ஆடாது. கொஞ்ச நாளுல அது கழிக்குக் குடி போயிடும். எடத்தைக் காலி பண்ணச் சொல்றதுக்கு முன்னாடி வேற எடம் காட்டணும்டா. தாசில்தாரு ஆபீசுல இதைச் சொல்லிப் பாத்திருக்கேன், பறவை கேக்குற அளவுக்கு அவங்க கேக்கல.

சிடியும் மினுக்கு ரிப்பனும் ஏன் பலிக்கலன்னு கேக்குறியா? நம்ம காட்டுல பலிக்குதே. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நெலையத்துல டி.எம்.வி. 7-ன்னு ஒரு மல்லாட்டை ரகம் குடுத்தாங்க. காக்காவுக்கும் அந்த ரகம் நல்லாப் புடிச்சிப் போச்சி. வெதைச்ச அன்னிக்கே காட்டைச் சுத்தி ரிப்பன் கட்டுவோம். காத்துல அது பளபளன்னு வீல் வீல்னு கத்தும். காக்காவுக்குப் பயம் தெளிய ஒரு வாரம் பத்து நாளு ஆவும். அதுக்குள்ள மல்லாட்டை மொளைச்சி எலை வுட்டுடும். அப்பறம் தெளிஞ்சா என்னா? படகு மொளைக்காதே. வருசம் பூரா அங்கியேதான் கெடக்கும். பத்து நாளு வைத்தியத்தை வருச நோவுக்குக் குடுத்த. ரிப்பன்தான் வேணும்னா நாலு நாளுக்கு ஒருக்கா எடத்தை மாத்து, நெறத்தை மாத்து, ரெண்டு நாளு எடுத்துடு. பயத்தைப் புதுசாவே வெச்சிருக்கணும். மேடையில பேசுறவங்ககிட்ட கத்துக்க.

இனி வுழுந்ததைப் பத்தி. நீ எலுமிச்சம்பழம் தேய்ச்சியாமே. யாருடா சொன்னது? பறவைக்குத் தனியா மூத்திரம் கெடையாது. ரெண்டும் ஒரே வழி. அந்த வெள்ளைச் சாந்துதான் அதோட மூத்திரம், யூரிக் அமிலம்னு சொல்லுவாங்க. தண்ணியில லேசுல கரையாது, புளிப்புல இன்னும் கரையாது. காரத்துலதான் எளகும். சவக்காரத் தண்ணியோ ஆப்ப சோடா கரைச்ச தண்ணியோ ஊத்தி, ஈரச் சாக்கைப் போத்திக் கொஞ்ச நேரம் வுட்டுடு. அப்பறம் துணியால தொடைச்சா வந்துடும். கத்தி, பிளேடு, தேங்காத் தொட்டி எதையும் போட்டுச் சொரண்டாத. பைபர் மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்குதே, அது கீறிக்கும். கீறுன எடத்துல அடுத்த எச்சம் இன்னும் கெட்டியா புடிக்கும். காஞ்சதைத் தொடைப்பத்தால பொடி பறக்கப் பெருக்குறதும் வேணாம். அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா நுரையீரலுக்கு ஆவாது. வெய்யில் ஏர்றதுக்கு முன்னாடி, ஈரமா இருக்கறப்பவே கழுவிட்டா இம்மாம் பாடே இல்ல. அதுக்கு விடியக்காலை எழுந்திருக்கணும். அது ஒன் ஜாதகத்துல இல்ல.

ஆனா ஒண்ணு சொல்லட்டுமா தம்பி? நீ மூக்கைப் பொத்துற பொருளுக்கு வந்த மரியாதை ஒனக்குத் தெரியாது. வேடந்தாங்கல் தூரமா இருக்குது? மதுராந்தகம் தாண்டுனா வந்துடும். வெள்ளைக்காரச் சிப்பாயிங்க அந்த ஏரியில பறவையைச் சுட்டப்ப, ஊர்க்காரங்க நேரா போயி செங்கல்பட்டு கலெக்டர்கிட்ட மொறையிட்டாங்க. 1798-ல லயனல் பிளேஸ்னு இருந்த அந்தக் கலெக்டரு, பறவையை யாரும் தொடக்கூடாதுன்னு கவுலு எழுதிக் குடுத்தாரு. பறவை மேல அவங்களுக்குப் பாசம் இருந்துச்சோ இல்லியோ, கணக்கு இருந்துச்சி. மரத்துலேருந்து எச்சம் ஏரியில வுழுவுது, தண்ணியே எருவா மாறுது, அந்தத் தண்ணி பாயிற வயலுக்கு ஒரச் செலவு கொறையுது. எச்சத்துக்காக வெள்ளைக்காரன்கிட்ட மனு குடுத்த ஊரு அது. நீ அதே எச்சத்துக்காக மயிலத்துக்கு மனு கொண்டாந்திருக்க.

பெரு நாட்டுல இன்னும் பெரிய கூத்து. அங்க மழையே பேயாத தீவுங்க. ஒன் நீர்க்காக்காவுக்குப் பங்காளி மொறை ஒண்ணு, கூழைக்கடா ஒண்ணு, எல்லாம் சேந்து ஆயிரக்கணக்கான வருசமா போட்டுப் போட்டு மலையா குமிஞ்சி கெடந்துச்சி. 1840-லேருந்து கப்பல் கப்பலா வெட்டி ஏத்தி சீமைக்கு வித்தாங்க. நாடே அதுல பொழைச்சிது. 1864-ல ஸ்பெயின்காரன் கப்பற்படையோட வந்து அந்தச் சிஞ்சாத் தீவுங்களைப் புடிச்சிக்கினான். பீரங்கி வெச்சிச் சண்டை. எதுக்கு? எச்சத்துக்கு. அமெரிக்காக்காரன் அதுக்கு முன்னாடியே, 1856-ல, ஆளில்லாத தீவுல எச்சத்தைக் கண்ட குடிமகன் அதை அமெரிக்கா பேருல சொந்தங் கொண்டாடலாம்னு தனிச் சட்டமே போட்டுட்டான். நம்ம கழுவெளியில மழை பேஞ்சிக் கரைச்சிடுது, இல்லன்னா ஒன் படகை எந்தக் கப்பற்படை வந்து புடிச்சிருக்கும்னு சொல்ல முடியாது.

அதனால நான் ஒரு யோசனை வெச்சிருக்கேன். அந்தச் சவுக்குக் கழியை நடுறியே, அதுக்குக் கீழ ஒரு பழைய தெப்பத்தை, இல்ல ஓட்டைப் படகைக் கட்டி, உள்ள ரெண்டு கூடை மண்ணு கொட்டி வெச்சிடு. போடறது அதுல வுழுவட்டும். மழைக்கு முன்னாடி வாரி மூட்டை கட்டிக் கொண்டா. மல்லாட்டைக்குத் தேவையில்ல, அதுக்கு வேருலியே தழைச்சத்து புடிக்கிற வித்தை இருக்குது. மேல இதையும் கொட்டுனா எலையா தழைச்சிக்கினு காய் புடிக்காது. எனக்குக் கத்திரித் தோட்டம் இருக்குது. பச்சையா போட்டா செடி வெந்துடும், அதனால குப்பைக் குழியில போட்டு மக்கவெச்சிப் போட்டுக்கறேன். அது என் பாடு. வாரறது, கட்டுறது, தூக்கறது, பஸ்ஸுக் காசு, இதெல்லாம் ஒன் பாடு. யோசனைக்கு நான் தனியா காசு கேக்கறவன் இல்ல.

கண்டக்டரு மூட்டையை ஏத்த மாட்டான். வாசனை கேட்டான்னா வேப்பம்புண்ணாக்குன்னு சொல்லு. நம்பலன்னா கருவாடுன்னு சொல்லு, பாதி வெலைக்கு அவனே கேப்பான். குடுத்துடாத.